லினக்ஸில் சத்தம் வரலையா?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பழைய லேப்டாப்பில் மின்ட், உபுண்டு மாதிரி லினக்ஸ் போடும் தம்பி தங்கைகளுக்கு: சத்தம் வரலைன்னா உடனே திரும்ப இன்ஸ்டால் பண்ண உட்காராதீங்க.

முதலில் சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட் எதுன்னு பாருங்க. ஹெச்டிஎம்ஐ தேர்வாகியிருந்தால் சத்தம் மானிட்டருக்குப் போகும், ஸ்பீக்கர் ஊமைதான். பல பேருக்கு இங்கேயே முடிஞ்சிடும்.

இல்லையா, டெர்மினலில் (கட்டளை டைப் பண்ணும் விண்டோ) alsamixer-னு அடிச்சு ஆல்சாமிக்சர் என்ற சவுண்ட் கன்ட்ரோலைத் திறங்க. முதலில் தெரிவது பெரும்பாலும் பொதுவான ஒரே பட்டைதான்; அதை நம்பாம எஃப்6 அழுத்தி நிஜ சவுண்ட் கார்டைத் தேர்வு செய்யுங்க. மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் பட்டைகளின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் மியூட். 'எம்' விசையை அழுத்தினால் திறக்கும். அம்புக்குறியால் அளவை ஏத்துங்க.

அங்கேயே 'ஆட்டோ மியூட்' (ஹெட்ஃபோன் சொருகினா ஸ்பீக்கரைத் தானா நிறுத்தும் வசதி) இருந்தால் அணைச்சுப் பாருங்க. ஹெட்ஃபோன் துளையில் தூசி அடைஞ்சால் ஒயர் சொருகியிருப்பதா நினைச்சு ஸ்பீக்கரை நிறுத்திடும். கிரானைட் பட்டறைப் பக்கம் இருக்கிறவங்க இதைக் கட்டாயம் பாருங்க.

அவுட்புட்டில் 'டம்மி' மட்டும் தெரிஞ்சால் கதை வேற: பெரும்பாலும் சவுண்ட் கார்டையே கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கண்டுக்கலை. புது இன்டெல் லேப்டாப் என்றால் பெரும்பாலும் எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் (சவுண்ட் சிப் இயங்கத் தேவையான சின்ன மென்பொருள்) இல்லாததுதான் காரணம். டெபியன் என்ற லினக்ஸில், 12-க்கு முந்தைய பதிப்புன்னா அதைத் தனியா போடணும், போட்டதும் ரீஸ்டார்ட். வால்யூமை எவ்வளவு ஏத்தினாலும் இதுக்குப் பலன் கிடையாது.