பத்திரத்தில் ஒரு பத்தி

சிகாகோவுக்கு வந்த ஒன்பதாம் ஆண்டு, புறநகர் ஒன்றில் பழைய செங்கல் வீடு வாங்கினோம். வில்லங்கம் பார்க்காமல் சொத்து வாங்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். வழக்கறிஞர் அனுப்பிய பழைய ஆவணங்களை வரி விடாமல் படித்தேன். 1939ஆம் ஆண்டுத் தாள் ஒன்றில், தட்டச்சு மங்கிய ஒரு பத்தி இருந்தது: வெள்ளையர் அல்லாத எவரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு.

"அது செல்லாது, விடுங்கள்" என்றார் வழக்கறிஞர். உண்மைதான். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் இந்தப் பாகுபாட்டையே தடை செய்தது. ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

அலுவலகத்தில் என்னுடன் வேலை பார்க்கும் கறுப்பின நண்பரிடம் அதைக் காட்டினேன். அவர் தன் தாத்தாவின் கதையைச் சொன்னார். மிசிசிப்பியிலிருந்து வந்து, 1950களில் சிகாகோவின் நார்த் லான்டேல் பகுதியில் வீடு வாங்கியவர். அப்போது கறுப்பினத்தவர் குடியேறும் பகுதிகளில் வீட்டுக்கடனுக்கு அரசு உத்தரவாதம் தராது, அதனால் வங்கியும் கடன் தராது. எனவே 'ஒப்பந்த' முறையில் வாங்கினார். முன்பணம், மாதத் தவணை, பழுதுபார்ப்பு எல்லாம் வாங்குபவர் தலையில். பத்திரம் மட்டும் கடைசித் தவணை வரை விற்றவர் கையில். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகலாம், கட்டிய பணமும் போகலாம். ஆலையில் கை நசுங்கி அவர் வீட்டில் கிடந்த மாதங்களில் அதுதான் நடந்தது. பதினோரு ஆண்டுத் தவணை! விற்றவர் அதே வீட்டை அடுத்த கறுப்பினக் குடும்பத்துக்கு அதே முறையில் விற்றாராம்.

எனக்கும் நண்பருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனால் சம்பளம் வேறு, சொத்து வேறு. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு, அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்தின் கடன் போக மீதிச் சொத்து, 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. வீடுதான் இங்கே நடுத்தரக் குடும்பத்தின் பெரிய சேமிப்பு. அதைச் சேர்க்க வேண்டிய தலைமுறையை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பேரப்பிள்ளைகள் ஏன் பின்தங்கினார்கள் என்று கேட்பது பெரிய அநியாயம்.

நம்மவர் கூடும் இடங்களில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நாமும் வெறுங்கையோடுதானே வந்தோம்?" வெறுங்கை இல்லை. அரசுக் கல்லூரியில் மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைத்த பட்டம் என் பெட்டியில் இருந்தது. நமக்குக் கதவு திறந்த 1965 குடியேற்றச் சட்டமும் கறுப்பினத்தவர் தெருவில் இறங்கிப் போராடிய காலத்தின் விளைச்சல்தான். அதற்கு முன், 1923இல், பஞ்சாபிலிருந்து குடியேறிய பகத் சிங் திண்ட் என்பவருக்கு 'வெள்ளையர் அல்லர்' என்று சொல்லிக் குடியுரிமையை மறுத்தது இதே உச்ச நீதிமன்றம். அந்தப் பத்தி என்னையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

வீடு தேடிய நாட்களில், "அண்ணா, அந்தப் பக்கம் பார்க்காதீர்கள், பள்ளிக்கூடம் சரியில்லை" என்று தம்பி போன்ற ஒருவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். இங்கே பள்ளிக்கூடம் பெருமளவு அந்தந்த ஊரின் சொத்து வரியில் ஓடுகிறது. வீட்டு விலை குறைந்த இடத்தில் பள்ளிக்கூடத்துக்கும் பணம் குறைவு. அதை அறிந்த பிறகும் நான் வீடு வாங்கியது இந்தப் பக்கம்தான். என் மகளுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். மனம் முழுதாக ஒப்பவில்லை.

பால் காய்ச்சிய அன்று நண்பர் வந்திருந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்கட்டு மரப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தாத்தா வீட்டிலும் இப்படி ஒரு படி இருந்ததாம். அம்மா அதில் உட்கார்ந்துதான் படிப்பாராம்.