பள்ளிச் சுவரில் ஒரு பெயர், சோம் நிலத்தில் ஒரு கல்

இங்கிலாந்தின் பழைய பள்ளிகள் பலவற்றில், முதல் உலகப்போரில் இறந்த மாணவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இனிஷியலும் குடும்பப்பெயரும்தான். அந்த எழுத்துகளை மட்டும் நம்பி, ஒருவரின் கல்லறையைத் தேடி, அந்தப் போரின் களமாக இருந்த பிரான்சின் சோம் பகுதிக்கு ரயிலேறக் கூடாது. இறந்த இடம் ஒன்று, புதைத்த இடம் ஒன்று, பெயர் பொறித்த இடம் இன்னொன்று என்று மூன்றும் மூன்று திசையில் இருக்கலாம்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் முழுப்பெயரும் பிறந்த தேதியும் தந்தை பெயரும் கிடைக்கும். அடுத்தது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத் தேடல். அங்கே முழுப்பெயரைத் தட்டினால் பலர் அகப்படவே மாட்டார்கள். வயது, பெற்றோர் விவரம் எல்லாம் குடும்பத்தார் நிரப்பி அனுப்பிய படிவத்திலிருந்து வந்தவை. படிவம் திரும்பாத வீட்டுப் பையனுக்கு இனிஷியலோடு சரி. குடும்பப்பெயர், முதலெழுத்து, இறந்த ஆண்டு இவற்றைக் கொடுத்துவிட்டு, வருகிற பட்டியலைப் படைப்பிரிவு வாரியாகச் சலிப்பதே வழி. சிப்பாயாகச் சேர்ந்து பின்னர் அதிகாரியானவர்கள் வேறு படைப்பிரிவுக்கு மாறியிருப்பார்கள். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டை, ஒருவர் இருந்த படைப்பிரிவுகளைக் காட்டி அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன. கோப்பு இல்லாதபோது பட்டாலியனின் போர் நாட்குறிப்பைப் பாருங்கள். சிப்பாயின் பெயர் அதில் அபூர்வம். ஆனால் அன்று அவர்கள் எந்த அகழியில் நின்றார்கள் என்பது இருக்கும்.

ஆணையத்தின் பக்கத்தில் பெயருக்குக் கீழே பழைய தாள்களின் படங்கள் உண்டு. அவற்றில் உடலை இடம் மாற்றிய தாள்தான் பொக்கிஷம். போர் முடிந்தபின், சிதறிக் கிடந்த உடல்களைத் தோண்டியெடுத்துப் பெரிய கல்லறைத் தோட்டங்களில் சேர்த்தார்கள். எங்கே தோண்டினார்கள் என்பது போர்க்கால வரைபடக் குறியீடாக அதில் இருக்கும். அதிலுள்ள எண் 1,000 கஜச் சதுரத்தையும், அடுத்து வரும் சிறிய எழுத்து அதற்குள் 500 கஜக் கால்பகுதியையும் காட்டும். சோம் பகுதியின் செர் ரோடு 2-ஆம் எண் கல்லறைத் தோட்டத்தில் இப்படிச் சேர்க்கப்பட்டவர்களே அதிகம்: 7,000-க்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 5,000 பேருக்குப் பெயர் தெரியாது.

இதற்கு நேர்மாறானது மாமெட்ஸ் ஊருக்கருகே உள்ள டெவன்ஷயர் கல்லறைத் தோட்டம். ஆல்பெர் நகரிலிருந்து பெரோன் போகும் டி938 சாலையை விட்டு மேலேறினால் வரும். 1916 ஜூலை 1 அன்று டெவன்ஷயர் படைப்பிரிவினர் எந்த அகழியிலிருந்து தாக்கப் புறப்பட்டார்களோ, அதிலேயே இறந்தவர்களைத் தோழர்கள் புதைத்தார்கள். டர்ஹாம் பள்ளியில் படித்த கவிஞர் வில்லியம் நோயல் ஹாட்ஜ்சன் இங்கே ஏ வரிசையில் 3-ஆம் எண்ணில் இருக்கிறார். அகழியில் நெருக்கிப் புதைத்ததால் கற்களும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

கல்லைப் படமெடுக்கும்போது அடிப்பகுதியை விட்டுவிடாதீர்கள். குடும்பத்தார் விரும்பினால் இடைவெளி உட்பட 66 எழுத்துகளுக்குள் ஒரு வரி பொறிக்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். முன்னால் நட்ட பூச்செடி அதைத்தான் மறைக்கும். இலையைக் கையால் மெல்ல விலக்கிப் படியுங்கள். அந்தத் தாய் தகப்பனின் சொல் வேறெந்தத் தாளிலும் கிடைக்காமல் போகலாம். எழுத்து ஆழமில்லாதது, பக்கவாட்டு வெயில் விழும் நேரம் பார்த்துப் போங்கள், சாக்கட்டி தேய்க்கவே கூடாது. வயலோரம் துருப்பிடித்த குண்டு கிடந்தால் தொடாதீர்கள், இன்னும் வெடிக்கும்.

சோமில் இறந்து கல்லறையே இல்லாதவர்களை அங்குள்ள தியெப்வால் நினைவுச்சின்னத்தில் தேட வேண்டும். அங்கே 72,000-க்கு மேற்பட்ட பெயர்கள். தூண் எண்ணும் முகப்பின் எழுத்தும் குறித்துக்கொண்டு போகாவிட்டால் பொழுது சாய்ந்துவிடும். பின்னாளில் உடல் அடையாளம் காணப்பட்டால் பெயரை நீக்கிவிடுகிறார்கள். பட்டியலின் நடுவே வெற்றிடம் தெரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

ஓர் ஆங்கிலேய மாணவரின் பதிவில் 'மெட்ராஸ் 1914–1918 நினைவுச்சின்னம்' என்றிருந்தால், அது சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கிறது. இந்தியாவின் வெவ்வேறு ஊர்களில், பராமரிக்க முடியாமல் போன கல்லறைகளில் கிடக்கும் 1,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உண்டு. படமெடுத்து அனுப்பலாம், ஆனால் 'சென்னையில் அடக்கம்' என்று குறிப்பெழுதிவிடாதீர்கள்.