வைக்கோல் சுவருக்கு எமன் தண்ணீர்தான்

வைக்கோல் கட்டுகளை அடுக்கி வீடு கட்டுகிறார்கள் என்றதும் நம்மில் பெரும்பாலோர் கேட்பது, தீப்பிடிக்காதா என்பதுதான். வைக்கோல் போர் எரிவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் எழுவது இயல்பே. ஆனால் இயந்திரத்தில் இறுக்கிக் கட்டிய வைக்கோலின் இருபுறமும் பூச்சு பூசிவிட்டால், நெருப்புக்கு வேண்டிய காற்று உள்ளே போக வழியில்லை. 2006-இல் அமெரிக்காவில் நடந்த தீச்சோதனையில், களிமண் பூசிய சுவர் 1 மணி நேரமும், சுண்ணாம்பும் சிமென்டும் கலந்து பூசிய சுவர் 2 மணி நேரமும் தாக்குப்பிடித்தன. பூச்சு முடியும்வரை தரையில் சிதறிக் கிடக்கும் உதிரி வைக்கோல்தான் உண்மையான ஆபத்து.

இந்த முறை பிறந்தது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மணற்குன்றுப் பகுதியில். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குடியேறிய உழவர்களுக்கு மரம் கிடைக்கவில்லை. புல்லோடு வெட்டியெடுத்து அடுக்கும் மண்கட்டியும் அந்த மணற்பாங்கில் உறுதியாக நிற்கவில்லை. கையில் இருந்தது வைக்கோலும் புல்லும், அவற்றைக் கட்டும் இயந்திரமும் மட்டுமே. தொடக்கத்தில் எழுந்த பள்ளிக்கூடம் ஒன்றைப் பூச்சின்றி விட்டதால் மாடுகள் தின்று தீர்த்தன என்று சொல்வார்கள். ஆனால் ஆர்தர் என்னும் சிற்றூரில் 1928-இல் கட்டிய தேவாலயமும், பிரான்சின் மோன்தார்ழியில் 1920-இல் கட்டிய வீடும் இன்றும் நிற்கின்றன.

குளிர்நாடுகளில் இந்தச் சுவருக்கு மதிப்பு ஏற்படக் காரணம், வைக்கோல் தாள்களுக்கு உள்ளும் இடையிலும் அடைபட்டிருக்கும் காற்று. வெப்பத்தைத் தடுக்கும் திறனை அமெரிக்கக் கட்டுமான விதி, ஓர் அங்குலக் கனத்துக்கு இவ்வளவு என்று R-மதிப்பில் (எண் கூடக்கூடத் தடுக்கும் திறனும் கூடும்) கணக்கிடுகிறது: வைக்கோல் கட்டைப் படுக்கையாக வைத்தால் 1.3, பக்கவாட்டில் நிறுத்தி வைத்தால் 2. நிறுத்தி வைக்கும்போது தாள்கள் பெரும்பாலும் வெப்பம் செல்லும் திசைக்குக் குறுக்கே அமைவதால், சுவரின் கனம் குறைந்தாலும் தடுக்கும் திறன் குறைவதில்லை. எனினும் கட்டுகளுக்கு இடையிலும் சன்னல் சட்டத்தின் ஓரத்திலும் இடுக்கு விட்டுப் பூசினால் அவ்வளவும் வீண். மின்கட்டணத்தைக் குறைப்பதில் வைக்கோலுக்குப் பாதிப் பங்கென்றால், கொத்தனாரின் கரண்டிக்கு மீதிப் பாதி என்பேன்.

ஈரம்தான் இதன் எமன். எடையில் சுமார் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் ஏறி, அது நாட்கணக்கில் தங்கினால், பூஞ்சை பிடித்து வைக்கோல் மக்கத் தொடங்கும். அதனால்தான் தரைமட்டத்துக்கு மேலே அடித்தளம் எழுப்புகிறார்கள். கூரையின் இறவாணத்தை நன்றாக வெளியே நீட்டுகிறார்கள். உள்ளே புகுந்த ஈரம் ஆவியாக வெளியேறும்படி களிமண்ணோ சுண்ணாம்போ பூசுகிறார்கள். உறுதி வேண்டும் என்று வெறும் சிமென்டைப் பூசினால், விரிசல் வழியே நுழையும் மழைநீர் வெளியேற முடியாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். சன்னலின் கீழ்விளிம்பில் வெளிப்புறச் சரிவு இல்லாவிட்டால், அதற்கு நேர் கீழே உள்ள கட்டு முதலில் அழுகும்.

நம் ஊருக்கு இது ஒத்துவருமா? டெல்டாப் பக்கம் இயந்திரம் கட்டித் தருபவை பெரும்பாலும் உருளைக் கட்டுகள். சுவருக்குச் செவ்வகக் கட்டுகள் வேண்டும். மாட்டுத் தீவனத்தோடு போட்டி போட்டுத்தான் வாங்கவும் வேண்டும். அதைவிட முக்கியமானது, கதவு சன்னலை நாள் முழுவதும் திறந்து வைத்திருக்கும் வீட்டில் ஒன்றரை அடிச் சுவர் தடுக்கும் வெப்பம், திறந்த சன்னல் வழியே உள்ளே வந்துவிடும். பகலெல்லாம் ஏசி ஓடும் கட்டடத்துக்குத்தான், அதுவும் மழைச்சாரல் படாத அகலமான தாழ்வாரம் இருந்தால்தான், நான் இதைப் பரிந்துரைப்பேன்.