சனிக்கிழமைக் கூலியும் இரவு ஜெபமும்

லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்திலேயே பரிசுத்தராயிருக்க வேண்டும் என்ற கட்டளை வந்துவிடுகிறது. அதை மனப்பாடமாகச் சொல்பவர்கள் அடுத்து வருவதைக் கவனிப்பதில்லை. தாய் தகப்பனுக்குப் பயப்படு. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடத்தில் வைத்திராதே. கோள் சொல்லித் திரியாதே. தராசும் படியும் சரியாக இருக்கட்டும். உபவாசத்தைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தை இல்லை. முற்றத்திலும் களத்திலும் நடப்பதுதான் பெரும்பாலும் இருக்கிறது.

தமிழக-கேரள எல்லையில், களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் பாறசாலைக்கு அந்தப் பக்கமும் முற்றம் என்றால் ரப்பர்தான். மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் வந்துவிடுவார். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறையும் என்பதால் அவருக்கு வேறு வழி இல்லை. சனிக்கிழமை மாலை அவர் கணக்குக்கு வந்து நிற்பார். "சில்லறை இல்லையே அண்ணே, திங்கட்கிழமை பார்த்துக்கலாமா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "சரி, அப்ப நான் வரட்டா சேச்சி?" என்று அவர் சைக்கிளை எடுப்பார். மறுநாள் அவர் வீட்டில் கறி இருக்காது. அவருடைய பணத்தை அலமாரியில் வைத்துவிட்டு இந்த வீடு ஆராதனைக்குப் போயிருக்கும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, மறதிதான். ஆனால் யாக்கோபு 5-ஆம் அதிகாரம் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. மறதியால் பிடித்ததா, வேண்டுமென்று பிடித்ததா என்று அது கேட்பதில்லை.

இதற்கு ஒரு 40 பக்க நோட்டு போதும். தேதி, எத்தனை மரம், எத்தனை ரப்பர் ஷீட், கொடுத்த முன்பணம் ஆகியவற்றை அன்றன்றே எழுதி, அவரும் பார்த்து ஒரு கோடு போடட்டும். வெள்ளிக்கிழமையே கணக்கை முடித்து, பணத்தை எண்ணிக் கவரில் போட்டு வையுங்கள். முன்பணத்தை ஒரேயடியாகப் பிடிக்காமல் எத்தனை வாரத்தில் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். மழைக்காலத்தில் வெட்டு நிற்கும், கூலியும் நிற்கும். அந்த வாரங்களில் பிடித்தம் வேண்டாம். பாதிப் பங்குக்கு வெட்டுகிற இடங்களில் ஒட்டுப்பால் (வெட்டிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும் பால்) யாருக்கு என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கடைக்குப் போகும் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்தது தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். ஈரம் இருக்கிற இடம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைக்கும் எடை உண்டு. அதை நடுவில் வைத்து அடுக்குவதைப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தால், ஓய்வுநாள் பள்ளியில் படித்ததைவிட அது ஆழமாகப் பதியும்.

இனி இரவு ஜெபம். பதினைந்து நிமிடம் போதும். அதை நீட்டுகிறவர்கள் ஒரு மாதத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டுக்கு முன் வையுங்கள், சாப்பிட்ட பின் சிறு பிள்ளைகள் தூங்கிவிழும். விடியுமுன் எழ வேண்டிய வீட்டில் பெரியவர்களும் அப்படித்தான். கீர்த்தனையில் இரண்டு சரணம் மூன்று நிமிடம், வேதபாடம் நான்கு, பாடத்திலிருந்து ஒரு கேள்வி மூன்று, ஜெபம் நான்கு, கர்த்தருடைய ஜெபம் ஒன்று. விரல் போன இடத்தைத் திறக்காமல் ஒரு புத்தகத்தை வரிசையாக வாசியுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் 678 வசனம். இரவுக்குப் பன்னிரண்டு வசனம் என்றால் இரண்டு மாதத்தில் முடியும். போன்கள் எல்லாம் சமையலறையில் கிடக்கட்டும், வேதாகமம் அச்சுப் புத்தகமாகவே இருக்கட்டும்.

எல்லைக்கு அப்பால் கேரளத்திலிருந்து வந்த மருமகள் மலையாளத்தில் வாசித்துப் பழகியவளாக இருப்பாள். தமிழில் தடுமாற வைத்துத் திருத்த வேண்டாம். அவள் மலையாளத்தில் வாசிக்கட்டும், மற்றவர்கள் தமிழில் பின்தொடரட்டும். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, பக்கத்து நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அந்தக் கோடு ஜெபப்பாய் வழியாக ஓட வேண்டியதில்லை.

ஜெபம் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: கண்ணை மூடிக்கொண்டு எதிரே இருப்பவரைத் திட்டுவதில். "ஆண்டவரே, படிக்காமல் ஊர்சுற்றுகிற இந்தப் பிள்ளைக்குப் புத்தி கொடும்" என்று தகப்பன் ஜெபித்தால் பிள்ளை பதில் சொல்ல முடியாது, ஆமென் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மனந்தளர்ந்து போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதீர்கள் என்று கொலோசெயர் 3:21 தகப்பன்மாரைத் தடுப்பது இதைத்தான். மனைவியைக் கனப்படுத்தாத கணவனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்று 1 பேதுரு 3:7 நேராகவே சொல்கிறது. ஆகவே பாயில் உட்காருமுன் அன்றைய பிணக்கைத் தீர்த்துவிடுங்கள். பிள்ளையிடம் சொல்ல வேண்டியது: "மக்களே, காலையில நான் கத்தினது தப்பு. இனி தனியா கூப்பிட்டுச் சொல்றேன்." இவ்வளவுதான். நடுவில் "ஆனா நீயும்" என்று ஒரு சொல் நுழைந்தால் அது மன்னிப்பு இல்லை.

கத்தோலிக்க வீடுகளில் இந்த இடத்தில் செபமாலை இருக்கும். கைக்குழந்தை இருந்தால் ஒரு பத்து மணியோடு நிறுத்தினாலும் தவறில்லை. இல்லறத்தாரும் தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்களே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் எழுதிவைத்தது. நம் நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் குருவும் அல்ல, துறவியும் அல்ல, மனைவியோடு வாழ்ந்தவர். 2022 மே 15-இல் அவரைத்தான் புனிதராக அறிவித்தார்கள்.

கலியாணப் பேச்சில் வீட்டின் பரிசுத்தம் வெளியே வந்துவிடும். "நாங்க ஒண்ணும் கேக்கல, உங்க பிள்ளைக்கு நீங்க போடுறதப் போடுங்க" என்பதும் கேட்பதுதான். பெண் வீட்டார் அன்றிரவே பவன் கணக்கில் உட்கார்ந்துவிடுவார்கள். மாப்பிள்ளை வீடு தரகரிடம் முதல் நாளே, நகை, காசு, வண்டி பற்றிப் பேச்சே வேண்டாம் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். நிச்சயத்தன்றும் அதையே எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். அதைப் பேசி முடித்துவிட்டுப் போதகரை ஜெபிக்கச் சொல்வது அவரையும் அதில் சேர்ப்பதாகும்.

சொத்தும் அப்படியே. 1916-இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கி மகளுக்கும் சம பங்கு என்றது. எண்ணாகமம் 27-இல் செலொப்பியாத்தின் குமாரத்திகள் கேட்டதும் ஏறக்குறைய இதுதான், அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தர் சொன்னார். இன்றும், நகை போட்டாச்சே என்று சொல்லி அப்பன் இறந்த நாற்பது நாளுக்குள் அக்கா தங்கச்சிகளிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற வீடுகள் உண்டு. அழுதுகொண்டிருப்பவளிடம் பேனாவை நீட்டாதீர்கள். பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே பிள்ளைகள் எல்லோரையும், மகள்களையும், ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்காரவைத்து, அளவு போட்ட பிளானைப் பாயில் விரித்து, யாருக்கு எந்த மூலை, கிணற்றுக்கு வழி எது என்று பேசி உயிலைப் பதிவு செய்துவிட வேண்டும். கடைசிவரை அம்மையைப் பார்த்துக்கொள்வது யார் என்பதும் அந்தத் தாளிலேயே ஒரு வரியாக இருக்கட்டும்.