கொலஸ்ட்ரால் மாத்திரை: எது அலர்ஜி, எது இல்லை

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரைகளுக்கு உண்மையான அலர்ஜி வருவது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் தோலில் தெரியும்: அரிப்போடு திட்டுத்திட்டாகத் தடிப்பு, உதடு, கண்ணிமை வீக்கம். தொடையிலும் தோளிலும் வருகிற தசைவலி அலர்ஜி இல்லை, பக்கவிளைவு. அளவைக் குறைத்தாலோ வேறு ஸ்டாட்டினுக்கு மாறினாலோ பலருக்கும் சரியாகிவிடும். இதைப் போய் 'ஸ்டாட்டின் அலர்ஜி' என்று கோப்பில் ஏற்றிவிட்டால், மாரடைப்பு வந்தவருக்குக்கூட அந்த மருந்தை எழுத எல்லோரும் தயங்குவார்கள். ஆனால் வலி கடுமையாகி, சிறுநீர் அடர்பழுப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தத்தில் சிகே (தசையிலிருந்து கசியும் ஒரு நொதி) அளவு இயல்பின் உச்சவரம்பைப் போல 10 மடங்கைத் தாண்டினால் தசை சிதைகிறது என்று பொருள், சிறுநீரகம் பழுதாகலாம். சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேரும்போது இந்த ஆபத்து கூடும்.

முகம் வீங்கினால் ஸ்டாட்டினை மட்டும் சந்தேகிக்காதீர்கள். இதய நோயாளிகள் பலர் கூடவே ராமிப்ரில் அல்லது எனலாப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார்கள். அரிப்பே இல்லாமல் உதடும் நாக்கும் வீங்குவது அவற்றின் குணம். பல மாதம் ஒழுங்காக ஒத்துக்கொண்ட பிறகும் திடீரென்று வரும். கொலஸ்ட்ராலுக்குத் தரும் இன்னொரு மருந்தான நியாசின் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து எரிவதும் அலர்ஜி இல்லை. புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து ரத்தக்குழாய்கள் விரிவதால் வருவது.

தடிப்போடு மூச்சுத்திணறல், குரல் கம்மல், தலைசுற்றல் சேர்ந்தால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை அரிப்பைத் தணிக்குமே தவிர மூச்சுப்பாதையைத் திறக்காது. அதற்குத் தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. பெரியவர்களுக்கு வழக்கமாக 0.5 மில்லிகிராம்.

மருந்தைத் தொடங்கிச் சில வாரம் கழித்து காய்ச்சலோடு உடம்பெங்கும் தடிப்பு, நெறிகட்டுதல், வாயிலோ கண்ணிலோ புண் வந்தால் அதுவும் அவசரம்தான். அந்த மருந்தை மறுபடி தொடவே கூடாது. லேசான தடிப்பு மட்டும் வந்தவருக்கு, அது ஆறிய பின் மருத்துவர் மேற்பார்வையில் வேறொரு ஸ்டாட்டினை முயலலாம். சில சமயம் மாத்திரையில் சேர்த்த நிறமியே காரணமாக இருக்கும் என்பதால் பிராண்ட் பெயரையும் குறித்து வையுங்கள். மருந்தின் பெயர், அளவு, எத்தனையாவது நாளில் என்ன வந்தது, கூட என்னென்ன மருந்துகள் சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். தடிப்பை அப்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். மருத்துவரைப் பார்ப்பதற்குள் அது மறைந்துவிடலாம். எந்த ஸ்டாட்டினும் ஒத்துக்கொள்ளாவிட்டால் 10 மில்லிகிராம் எசெட்டிமைப், பெம்பிடோயிக் அமிலம், பிசிஎஸ்கே9 ஊசி என்று கொலஸ்ட்ராலைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன.