முப்பது இலக்கு வைத்தால் ஒன்றும் நகராது

நகர மன்றமும் துறைத் தலைவர்களும் சேர்ந்து இலக்கு வகுக்கும் கூட்டத்தில் முதல் தவறு, ஆளாளுக்கு இலக்கை எழுதும் அட்டையிலேயே நடந்துவிடும். "சாலைகளை மேம்படுத்துதல்" என்று எழுதினால் யாரும் எதிர்க்கமாட்டார்கள். அதனாலேயே அது இலக்கு இல்லை. "புகார் வந்த 5 நாளில் பள்ளத்தை அடைக்க வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள், ஆள் எங்கே, தார் எங்கே என்ற கேள்வி உடனே கிளம்பும்.

எழுதிய இலக்குகளில் முக்கியமான சிலவற்றை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதற்கு முன், ஒத்த அட்டைகளைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் குடிநீர் மூன்று அட்டைகளாகப் பிரிந்து தோற்றுப்போகும். ஓட்டாக அட்டைகளில் ஒட்ட ஆளுக்கு 5 ஸ்டிக்கர் பொட்டு போதும். மேயர் கடைசியில் ஒட்டட்டும். முதலில் ஒட்டினால் மற்றவர் பொட்டும் அங்கேயே போய்ச் சேரும், மனித இயல்பு அது. சட்டப்படி செய்தே தீரவேண்டிய வேலைகளை ஓட்டுக்கு விடாதீர்கள்.

இதெல்லாம் பட்ஜெட் வரைவுக்கு முன்பே முடிய வேண்டும். பிந்தினால் பணம் ஏற்கெனவே பங்கு போயிருக்கும்.