மூன்று துப்பாக்கிக் காலிபருக்கும் ஒரே வெடிமருந்து தேடி நான் பட்ட பாடு

வீட்டில் தோட்டா தயாரிக்க வெடிமருந்து போட்டு வைத்திருந்த 50 கேஸ்களையும், அதாவது தோட்டாவின் கூடுகளையும், டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். 37ஆவதில் கை நின்றுவிட்டது. மற்றதிலெல்லாம் அடியில் சாம்பல் பூசினாற்போலக் கிடந்த மருந்து, இதில் மட்டும் கொஞ்சம் மேலே இருந்தது. கொஞ்சம் என்றால் இரண்டு மூன்று அரிசி உயரம், அவ்வளவுதான். தராசில் கொட்டினேன். சரியாக இரண்டு மடங்கு.

டார்ச் அடிக்காமல் குண்டை வைத்து அழுத்தியிருந்தால், வெளியே பார்த்து ஒருவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ரிவால்வரின் சிலிண்டர் என் முகத்துக்கு எதிரே பிளந்திருக்கும். இதை எழுதும்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. வீட்டில் தோட்டா தயாரிக்கச் சட்டப்படி அனுமதி உள்ளவர்கள், முதல் மருந்து டப்பா வாங்குவதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது .38 ஸ்பெஷல் ரிவால்வர், 9 மி.மீ. பிஸ்டல், .45 ஏசிபி பிஸ்டல். மூன்றும் வேறு வேறு காலிபர், அதாவது தோட்டா அளவு. மூன்றுக்கும் ஒரே மருந்து போதும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். சிக்கனம் ஒரு காரணம். பெரிய காரணம், மேசையில் ஒரே டப்பா இருந்தால் மாற்றிக் கொட்டிவிடும் பயம் இல்லை என்பது. அந்த முடிவு சரிதான். அதற்குப் போன வழிதான் தப்பு.

முதல் தப்பு, எந்தத் தோட்டாவுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று சொல்லும் மேனுவலைத் திறக்காமல் கடைக்குப் போனது. "எல்லாத்துக்கும் ஒத்துவர்ற மருந்து வேணும்" என்றேன். கவுண்டரில் இருந்தவர் என்ன காலிபர் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு டப்பாவை எடுத்து வைத்து, "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க சார்" என்றார். நானும் அப்படியே வாங்கினேன். வீட்டுக்கு வந்து பக்கம் பக்கமாகப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது, அது மெதுவாக எரியும் ரகம், அதிக அழுத்தத்தில் வெடிக்கும் மேக்னம் தோட்டாக்களுக்கானது. என்னுடைய மூன்றில் இரண்டுக்கு மேனுவலில் அளவே கொடுக்கவில்லை. இந்த மாதிரி மருந்துக்கு உள்ளே நல்ல அழுத்தம் இருந்தால்தான் ஒழுங்காக எரியும். லேசான தோட்டாவில் பாதி எரிந்தும் எரியாமலும் கிடக்கும். "குறைத்துப் போட்டால் பாதுகாப்பு" என்று நினைத்து இஷ்டத்துக்குக் குறைத்தால் குண்டு குழலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளவும் கூடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி போயிற்று.

மறுநாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனேன். சீல்கூட உடைக்கவில்லை. மருந்தை விற்றால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். யோசித்தால் அது நியாயமான விதிதான், யார் வீட்டில் எப்படி இருந்துவிட்டு வருகிறதோ. ஆனால் விற்கும்போது ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே என்ற ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இதைத் தவிர்க்க ஒரு காகிதமும் பேனாவும் போதும். உங்கள் ஒவ்வொரு காலிபருக்கும், நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே எடைக் குண்டுக்கு, மேனுவலில் இருக்கும் மருந்துப் பெயர்களை எழுதுங்கள். எல்லாப் பட்டியலிலும் வருகிற பெயர்கள் மட்டும்தான் உங்களுக்கானவை. எனக்கு ஏழெட்டு மிஞ்சின. மருந்து தயாரிப்பாளரே வெளியிடும் அளவுகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எரியும் வேகத்தை வரிசைப்படுத்திய அட்டவணை ஒன்று எல்லோர் கையிலும் சுற்றும். அது வரிசை மட்டுமே. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. பெயரும் ஏமாற்றும். ரைஃபிள் மருந்துகளில் எச் 4350, ஐஎம்ஆர் 4350 என்று ஒரே எண்ணில் இரண்டு உண்டு. இரண்டும் வேறு வேறு, அளவும் வேறு. கைத்துப்பாக்கிப் பக்கம் வந்தால் எச்பி-38, வின்செஸ்டர் 231 என்று பெயரே வேறாக இருக்கும்; உள்ளே இருப்பது ஒரே மருந்து. எழுத்துக்கு எழுத்து சரிபார்க்காமல் டப்பாவைத் திறக்கவே கூடாது.

அப்புறம் இரண்டாவது டப்பா. இந்த முறை பட்டியலோடு போனேன், பட்டியலில் இருந்ததையே வாங்கினேன். ஆனால் சிக்கனம் கண்ணை மறைத்துவிட்டது. மருந்தை நிறுப்பது கிரெயின் என்ற சின்ன அலகில், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். தோட்டாவுக்கு 5 கிரெயின் என்று வைத்தால் 1400 தோட்டா, 4 கிரெயின் என்றால் 1750. வேகமாக எரியும், அடர்த்தியான மருந்தாகப் பார்த்து எடுத்தேன். கொஞ்சம் போட்டாலே போதும் என்பதுதான் அதன் பெருமை. அதுதான் அதன் ஆபத்தும்.

.38 ஸ்பெஷல் 1898இல் கரிமருந்துக் காலத்தில் வந்தது. கரிமருந்துக்கு நிறைய இடம் வேண்டும் என்பதால் கேஸ் நீளம். அதில் இன்றைய புகையற்ற மருந்தைத் துளியூண்டு போட்டால், கிணற்றுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் மாதிரிதான். இரண்டு மடங்கு விழுந்தாலும் இடம் தாராளமாக இருக்கும். இன்னொரு தொல்லை, மருந்து கேஸுக்குள் அங்கும் இங்கும் ஓடும். குழலைக் கீழே சாய்த்து நிமிர்த்திச் சுட்டால் ஒரு வேகம், மேலே சாய்த்து நிமிர்த்தினால் வேறு வேகம். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் நானே பார்த்தேன். எல்லா மருந்தும் இவ்வளவு படுத்தாது என்று பிறகு தெரிந்தது.

அந்த 37ஆவது கேஸ் எப்படி நடந்தது? யாரோ கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னேன், திரும்பி வந்து, ஓர் இழுப்புக்கு ஓர் அளவு மருந்து கொட்டும் பவுடர் மெஷரின் கைப்பிடியை இன்னொரு முறை இழுத்துவிட்டேன். நடுவில் எழுந்தால் அந்த கேஸைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும்தான் நடந்தது.

கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார், நாற்பது வருஷமாகத் தோட்டா போடுகிறவர். அவரிடம் சொன்னதும் திட்டவில்லை. "தம்பி, ரெண்டு மடங்கு விழுந்தா உங்க கண்ணுக்குத் தெரியுமா? அதை முதல்ல பாருங்க. மிச்சம் எல்லாம் அப்புறம்" என்றார். நான் இத்தனை நாள் படித்ததில் ஒரு இடத்திலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. அவர் மேசையில் தட்டைத் தட்டையான செதில் மருந்தைப் போட்டுக் காட்டினார். கேஸில் நன்றாக எழும்பி நிற்கிறது, இரண்டாவது தடவை போட்டால் உடனே தெரிகிறது. யுனீக் போன்ற செதில் மருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்து நிற்பது சும்மா இல்லை. ஆனால் பெரிய செதில்கள் மெஷரின் குறுகலான குழாயில் ஒன்றோடொன்று சிக்கி நிற்கும். ஒரு இழுப்பில் குறையும், அடுத்ததில் அந்த மிச்சமும் சேர்ந்து விழும். அவர் கைக்கு அது பழகிவிட்டது. ஒவ்வொன்றையும் எடை போடப் பொறுமை உள்ளவர்களுக்கு நல்ல மருந்துதான். எனக்கு அது சரிப்படவில்லை.

கடைசியில் எச்பி-38இல் வந்து நின்றேன். நடுத்தர வேகம், தட்டிய மணி மாதிரியான துகள், மெஷரில் மணல் போல இறங்குகிறது. மேனுவலில் என் மூன்று காலிபருக்கும் அளவு இருக்கிறது. பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) இல்லாத காலி கேஸில் வேண்டுமென்றே இரண்டு அளவு கொட்டிப் பார்த்தேன். 9 மி.மீ.யில் வாய்வரை வந்துவிட்டது. .38இல் பாதிக்கு மேல் ஏறிப் பளிச்சென்று தெரிந்தது. இந்தச் சோதனையை எந்த மருந்து வாங்கினாலும் செய்யுங்கள். அடுத்து மெஷரில் 10 இழுப்பை ஒன்றாக எடை போட்டு, பத்தால் வகுத்தேன். மூன்று முறையும் ஒரே எண் வந்தபோது உண்மையிலேயே எழுந்து நின்றேன், அவ்வளவு சந்தோஷம்.

மேனுவலின் ஆரம்ப அளவில் தொடங்கி மெல்ல ஏற்றியது, சுட்டுப் பார்த்தது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. குண்டின் எடையோ வகையோ மாறினால் மறுபடி ஆரம்ப அளவிலிருந்துதான் வர வேண்டும்.

தராசைப் பற்றி ஒன்று. மின்விசிறிக் காற்று பட்டாலே அது பொய் சொல்லும். ஒரு சாயங்காலம் முழுக்க எண் ஏறி இறங்கியது, மெஷர்தான் கெட்டுவிட்டது என்று கழற்றி மாட்டினேன். விசிறியை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. சோதனை எடைக்கல் ஒரு செட் வாங்கி, ஒவ்வொரு முறையும் தொடங்கும்போதும் நடுவிலும் வைத்துப் பாருங்கள்.

மெஷரில் மருந்தை இரவு விட்டுவைக்காதீர்கள். இரண்டாவது டப்பாவிலிருந்து மூன்றாவதுக்கு மாறிய வாரம் நான் விட்டுவைத்தேன். காலையில் உள்ளே இருப்பது எது என்று சத்தியம் செய்ய முடியவில்லை. நிறத்தையும் மணத்தையும் வைத்து முடிவு செய்யக் கூடாது, அதனால் அத்தனையையும் அப்புறப்படுத்தினேன். இப்போது வேலை முடிந்ததும் நேராக அதன் சொந்த டப்பாவுக்கே திரும்பிவிடுகிறது. திறக்கும்போது புளித்த வாடையோ செம்பழுப்புத் தூளோ இருந்தால் அந்த மருந்து கெட்டுவிட்டது, தொடக் கூடாது.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. எல்லா கேஸையும் பலகையில் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறேன். ஒன்றை எடுத்து மருந்து போட்டால்தான் அது நிமிர்ந்து நிற்கும். 50ம் நிமிர்ந்த பிறகு டார்ச், அதன் பிறகுதான் குண்டு. நடுவில் யார் கூப்பிட்டாலும், கையில் இருக்கும் கேஸைக் கொட்டி மறுபடி கவிழ்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.